பூஜைத் தட்டில் வைத்த சாவிகள்

ஒரே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் போதும். இசைவாணி போடவில்லை. மறந்துபோய் அல்ல, வேலை மும்முரத்தில் அல்ல. நன்றாக யோசித்து, சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டே போடாமல் விட்டாள்.

சொல்ல வேண்டியிருந்தது சின்ன விஷயம்தான். ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவித் துடையுங்கள், சந்தனம் குங்குமம் வையுங்கள், மாலை போடுங்கள், வாசலில் பூசணிக்காய் உடையுங்கள். மெஷினில் செருகியிருக்கும் சாவியை மட்டும் பிடுங்காதீர்கள். அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அவள் கம்பெனியின் பூட்டு போட்ட மெஷின் வைத்திருக்கிற எல்லாருக்கும் சென்னை ஆபீஸ்காரர்கள் ஒரு வாரம் முன்பே சொல்லி முடித்துவிட்டார்கள். வல்லம் வடகாலில் இருந்த சங்கரநாராயணனின் கம்பெனிக்கு மட்டும், "அவரை எனக்கு முன்னாடியே தெரியும், நானே சொல்லிக்கிறேன்" என்று இசைவாணி அந்த வேலையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். கம்பெனியின் துணைத் தலைவரான அவளே சொல்கிறேன் என்றால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

சாவி என்றால் இடுப்பில் செருகிக்கொள்ளும் இரும்புச் சாவி அல்ல. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் வார்க்கிற பெரிய மெஷினை நீங்கள் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் அதற்குள் இருந்துகொண்டு அதை ஆட்டிவைக்கிற மென்பொருள் உங்களுடையது ஆகாது. அது வாடகை. கறுப்புத் துண்டு செருகியிருக்கிற வரைக்கும் மெஷின் ஓடும், பிடுங்கினால் நிற்கும். திரும்பச் செருகினால் மறுபடி ஓடும், அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் துண்டுக்குள் ஒரு குட்டி பாட்டரியும் ஒரு கடிகாரமும் இருக்கின்றன. ஒரு ராத்திரி முழுக்க மெஷினுக்கு வெளியே கிடந்தால், தன்னை யாரோ திருடிவிட்டார்கள் என்று அது முடிவு செய்துகொண்டு செத்துப்போகும். செத்த சாவிக்கு உயிர் கொடுக்க ஆசியா முழுமைக்கும் ஒரே ஒருவரின் ஒப்புதல்தான் செல்லும். அது இசைவாணியின் ஒப்புதல்.

அந்த விதியை எழுதியதே அவள்தான். வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்கள்கூட இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டார்கள். ஒரு ராத்திரி கண்ணுக்கு மறைவாக இருந்த சாவியை நம்பவே கூடாது, அதற்குள் காப்பி எடுத்துவிடுவார்கள் என்று அடித்துப் பேசி நிறைவேற்றிக்கொண்டாள். உலகத்தில் வேறு எங்கேயும் இந்த விதியால் பெரிய தொந்தரவு வந்ததில்லை, ஏனென்றால் வேறு எங்கேயும் மனிதர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மெஷினைக் குளிப்பாட்டுவதில்லை. நம் பக்கத்தில்தான் மெஷினில் தண்ணீர் படுமே என்று சாவியைப் பிடுங்கி, பிடுங்கினதைச் சும்மா வைக்க மனம் வராமல் ஸ்பேனரோடும் ஸ்குரூ டிரைவரோடும் சேர்த்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து வைப்பார்கள். வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரைக்கும் முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. பக்தியாக ஒரு தவறு செய்வது எப்படி என்று நம்மிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சேரப்பணஞ்சேரியில் பிறந்து வளர்ந்த இசைவாணிக்கு இது தெரியாதா?

சங்கரநாராயணன் பழைய மெஷின்களைத் தள்ளிவிட்டு இந்தப் பூட்டு மெஷின்களை ஆடி மாதம்தான் இறக்கியிருந்தார். இந்த மெஷின்களோடு அவருக்கு இது முதல் பூஜை. அவருடைய ஆட்கள் எல்லாச் சாவிகளையும் பிடுங்கி ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார்கள். விஜயதசமிக் காலையில் கற்பூரம் காட்டி, சாமி கும்பிட்டு, சாவிகளை எடுத்துச் செருகினார்கள். ஒரு மெஷினும் அசையவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்தான் வந்தது: இந்தச் சாவி செல்லாது.

உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். உதவி மையம் மேலே கேட்டது. மேலே இருந்தவள் முதல் நாளே பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து ஸ்ரீபெரும்புதூர் ஹோட்டலில் தங்கி, குளித்து, நல்ல பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தாள். இம்மாதிரிக் காரியத்தைத் தொலைவில் இருந்து செய்து என்ன சுகம்? நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

பகை பழையது. அப்போது கேபிள் டிவி பார்க்கிற எல்லா வீட்டிலும் செட்டாப் பாக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி அந்தப் பெட்டிகளை ராப்பகலாகச் செய்து தள்ளியது. சங்கரநாராயணன் அங்கே தலைமை அதிகாரி. திருநெல்வேலிக்காரர், வேலையில் புலி. இசைவாணி அவருக்குக் கீழே எஞ்சினியர். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ரகசிய எண்ணைப் பதிய வேண்டும். அந்த எண்களுக்கெல்லாம் தாய் போல ஒரு பெரிய சாவி, கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாக, ஒரு தனி அறையில் இருந்தது. அந்த அறைக் கதவைத் திறக்க ஒரே ஒரு கார்டுதான். அதை வடிவமைத்தவளும் இசைவாணி, கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவளும் இசைவாணி. இந்தக் கார்டை யாராலும் காப்பி எடுக்க முடியாது என்று மீட்டிங்கில் நின்று பெருமையாகச் சொன்னவளும் அவள்தான்.

அந்த மாதம் பெட்டிகளின் எண்ணிக்கை இலக்குக்கு எட்டாதுபோல இருந்தது. சாவியைக் கொஞ்சம் கொடு, வெளியே ஒரு ஷெட்டில் வைத்து எண் பதிந்துகொள்கிறேன் என்று சங்கரநாராயணன் கேட்டார். முடியாது என்றாள். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் முடியாது என்றாள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஞாயிறு முழுக்க, தம்பி கலக்கிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, வீட்டில் போர்த்திப் படுத்துக் கிடந்தாள். கார்டு பைக்குள் இருந்தது, பை ஆணியில் தொங்கியது. திங்கட்கிழமை பையைத் திறந்து பார்த்தபோதும் கார்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தத் தாய்ச் சாவி எப்படியோ வெளியே கசிந்து, அடுத்த சில வாரங்களில் சென்னை முழுக்கத் திருட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன. எல்லாக் கட்டணச் சேனலும் ஓசியில் தெரிந்தன. விசாரணை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக் கதவு திறந்திருக்கிறது, திறந்தது உன் கார்டு என்றார்கள். என் கார்டை யாரோ காப்பி எடுத்திருக்கிறார்கள் என்று அழுதாள். காப்பி எடுக்கவே முடியாது என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார் சங்கரநாராயணன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

அன்றைக்கு ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து அவளை வெளியே அனுப்பினார்கள். உள்ளே போகிறவர்கள் ஒரு பக்கம், வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் கேட். பெண்களைச் சோதிக்கிற காவல்காரி செங்கமலம், சேரப்பணஞ்சேரிக்காரிதான், இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் இசைவாணியின் பையை மேஜை மேல் கவிழ்த்துக் கொட்டினாள். டிபன் பாக்ஸ், சீப்பு, மாதவிலக்குத் துணி எல்லாம் விழுந்தன. அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் சேரப்பணஞ்சேரியில் அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. சாவி திருடி.

நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அது போகட்டும், அவனும் ஒன்றும் பெரிய மன்மதன் இல்லை. அப்பா கண்ணப்பன்தான் அவளை வதைத்தார். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். சாகிற வரைக்கும், நீ எடுத்தாயா என்று ஒரே ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். அவர் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

இங்கே யாரும் வேலை தர மாட்டார்கள் என்று தெரிந்து பெங்களூருக்குப் போனாள். தியேட்டர்களுக்கு அனுப்புகிற சினிமாப் படத்தைப் பூட்டி அனுப்பும் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு முன்னால் படம் திறக்கக் கூடாது. அதற்கு ஒரு பூட்டு. பிறகு பாட்டுக்குப் பூட்டு, பள்ளிக்கூடப் பாடத்துக்குப் பூட்டு, மருத்துவப் படிப்பு வீடியோவுக்குப் பூட்டு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த ஆபீஸை வாங்கியபோது அவளையும் சேர்த்து வாங்கியது. அதன் பிறகு அவள் ஏணியில் ஏறினாள் என்பதைவிட, ஏணியை உதைத்துக்கொண்டே ஏறினாள் என்று சொல்லலாம். இந்தத் தொழிலுக்கு டிஜிட்டல் உரிமைப் பாதுகாப்பு என்று கௌரவமான பெயர் உண்டு. மேடையில் அப்படிச் சொல்வாள். மற்ற நேரத்தில் பூட்டு என்றுதான் சொல்வாள்.

யாருக்கும் விதிவிலக்குக் கொடுக்காதவள் என்று பெயர் எடுத்தாள். ஒருமுறை பெரிய நடிகர் படத்தின் முதல் காட்சி ஒரு ஊரில் திறக்கவில்லை. ரசிகர்கள் நாற்காலியை உடைக்கிறார்கள் என்று தியேட்டர்காரர் போனில் அழுதார். ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து ஒரு பக்கத்தில் விடுபட்டிருக்கிறது, போட்டு அனுப்புங்கள் என்றாள். அவர் அழுவதைக் கேட்க அவளுக்கு நன்றாக இருந்தது, அதை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் எல்லாப் பூட்டுக்கும் அடியில் அவளுக்கு ஒரே கேள்விதான். அந்தக் கார்டை சங்கரநாராயணன் எப்படிக் காப்பி எடுத்தார்? வருஷக்கணக்காக யோசித்தாள். அதே மாதிரி ஒரு கார்டைச் செய்துவைத்துத் தானே உடைத்துப் பார்த்தாள். உடையவில்லை. ஆட்களை வைத்து உடைக்கச் சொன்னாள். உடையவில்லை. அப்படியும் அவர் உடைத்திருக்கிறார் என்றால் தனக்குத் தெரியாத ஏதோ ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்க ஒவ்வொரு பூட்டிலும் ஒரு புது விதி சேர்த்தாள். ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் சாவி சாக வேண்டும் என்பதும் அப்படிச் சேர்ந்ததுதான். உலகமெங்கும் லட்சக்கணக்கான மெஷின்களைக் கட்டிப்போட்டிருந்த அந்த விதி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சலில் பிறந்தது.

சங்கரநாராயணன் ஓய்வு பெற்று, சேர்த்ததையெல்லாம் கொட்டிச் சொந்தமாக இந்தக் கம்பெனியைத் தொடங்கினார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இசைவாணி காத்திருந்தாள். அவர் தேடி வந்து தன் பூட்டுக்குள்ளேயே தலையைக் கொடுப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கொடுத்துவிட்டார். சாமி இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

கார் வல்லம் வடகால் கம்பெனிக்குள் நுழைந்தபோது தரையில் பூசணிக்காய்ச் சிதறல் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தது. முதல் ஷிப்ட் ஆட்கள் வேலையில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து பொரி கடலை தின்றுகொண்டிருந்தார்கள். தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்கள். மெஷின் ஓடாவிட்டால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒரு நல்ல கதாநாயகி யோசித்திருப்பாள். இசைவாணி யோசிக்கவில்லை.

சங்கரநாராயணன் வாசலுக்கே வந்து கை கூப்பினார். தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்ததிலிருந்து அவளுக்கும் அது தெரிந்தது. அறையில் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கார் கம்பெனிக்குச் சரக்குப் போகாவிட்டால் அவர்கள் லைன் நிற்கும், நின்றால் நாளையே வேறு ஆளிடம் போய்விடுவார்கள், நான் ஒழிந்தேன் என்று சொன்னார். மென்று விழுங்காமல் சொன்னார், அதை மட்டும் பாராட்ட வேண்டும்.

இசைவாணி லாப்டாப்பைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாச் சாவியும் பிழைக்கும் என்று காட்டினாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவர் கேட்டில் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கேட்கிற மாதிரி, அன்றைக்கு அந்தச் சாவியை வெளியே கொடுத்தது நான், பழியை இசைவாணி மேல் போட்டதும் நான் என்று சொல்ல வேண்டும்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பேசியபோது அவருடைய திருநெல்வேலிப் பேச்சு வெளியே வந்தது.

"கேட்டுல வேண்டாம்மா. இந்த ரூம்ல உக்காந்து என்ன கேட்டாலும் எழுதித் தாரேன். பேப்பர்ல போடணும்னாலும் போட்டுக்கோங்க. அங்க நின்னு சொன்னா எனக்கில்ல, உங்களுக்குத்தான் சங்கடம்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நிலைமையிலும் மிரட்டுகிறானே என்று நினைத்தாள். மரியாதை எல்லாம் மனசுக்குள் எப்போதோ போய்விட்டிருந்தது.

"என் சங்கடத்த நான் பாத்துக்கறேன் சார். கேட்டுல சொல்றீங்களா, நான் கெளம்பட்டுமா?"

இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் வந்து நின்றன. சங்கரநாராயணன் நடந்து போய்க் கேட் பக்கத்தில் நின்றார். இசைவாணி லாப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அப்போதுதான் கவனித்தாள், கேட்டில் காக்கிப் புடவையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது அதே செங்கமலம். பெட்டிக் கம்பெனியை விட்டு வந்தபோது சங்கரநாராயணன் அவளைக் கையோடு இங்கே கூட்டி வந்திருந்தார். பார்க்கட்டும், இவளும் பார்க்கட்டும் என்று இசைவாணிக்கு இன்னும் சந்தோஷமாகிவிட்டது.

சங்கரநாராயணன் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல், அவள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். சாவி, பழி, நான், நான் என்று இரண்டு தடவை. பிள்ளைகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு முழித்தார்கள். எந்தச் சாவி, எந்த இசைவாணி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது இவர்கள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். பின்னால் நின்ற உச்சிமாகாளி என்ற பெண், அப்போ இன்னைக்கு ஷிப்ட் உண்டா இல்லையா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். பிறகு கூட்டம் மெல்ல உள்ளே நகர்ந்தது.

இசைவாணிக்கு அது போதுமாகத்தான் இருந்தது. யார் கேட்டார்கள் என்பது முக்கியமில்லை, அவன் வாயால் சொன்னான், அது போதும் என்று மனசு கும்மாளம் போட்டது. அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டனை அழுத்த விரலைக் கொண்டுபோனபோது செங்கமலம் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"எம்மா, அன்னிக்கு உன் பையக் கொட்டுன கை இது. ஐயாவே வாயத் தொறந்து சொல்லிட்டாரு, இத்தோட வுட்டுடு. உன் தம்பி மேலயும் கோவம் வெச்சிக்காத. அப்ப அது சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்."

தம்பி ஹேமந்த். இசைவாணியைவிட எட்டு வயது சின்னவன். அவள்தான் சிபாரிசு செய்து அந்தப் பெட்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்த்துவிட்டிருந்தாள். அவளைத் துரத்திய பிறகு, நானும் விட்டுவிடுகிறேன் அக்கா என்று அவன் சொன்னபோது, வீட்டில் ஒருத்தராவது சம்பாதிக்க வேண்டும், நீ இரு என்று தடுத்தவளும் அவள்தான். அந்த வருஷமே அவனை பெர்மனென்ட் ஆக்கினார்கள். கான்ட்ராக்டில் வருஷக்கணக்காகக் கிடந்து அல்லாடுகிற ஊரில் அது லேசில் கிடைக்கிற காரியமா? தம்பி நல்ல வேலைக்காரன், அதனால்தான் கிடைத்தது என்று பெங்களூரில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். பிறகு அவன் கல்யாணம், அவன் வீடு, அவன் பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவள் செலவு.

"என் தம்பி இன்னா பண்ணான்?" என்று கேட்டாள்.

செங்கமலம் சங்கரநாராயணனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஞாயித்துக்கெழம அவன்தானேம்மா உன் கார்ட எடுத்துக்கினு வந்தான். அக்கா காய்ச்சல்ல படுத்துக்கினு கீது, ரூம்ல ஒரு வேல கீது, என்னை அனுப்பிச்சிதுன்னான். நான்தான் கேட்டத் தொறந்து வுட்டேன். விசாரணையில ஒண்ணும் சொல்லாதன்னு ஐயா சொன்னாரு, சொல்லல. உன் வூட்டுல உனக்குத் தெரியாம இருக்குமான்னு இல்ல நான் நெனச்சிகினு இருந்தேன்."

இசைவாணி சங்கரநாராயணன் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டது தம்பியைப் பற்றி அல்ல. இத்தனை வருஷமாகத் தூக்கத்தைத் தின்ற கேள்விதான் முதலில் வாயில் வந்தது. அப்படியானால் கார்டைக் காப்பி எடுக்கவில்லையா என்று கேட்டாள்.

"அதை எப்படிம்மா காப்பி எடுக்க முடியும்? நீ போட்ட பூட்ட ஒருத்தனும் உடைக்கல. ஆணியில தொங்குன பையில இருந்து எடுத்துட்டு வந்தான், வேலை முடிஞ்சதும் திரும்பக் கொண்டு போயி வச்சுட்டான். பெர்மனென்ட் பண்ணித் தாரேன்னு சொன்னேன். செங்கமலத்துக்கு எல்லாம் தெரியும், அதாம்மா கேட்டுல வேண்டாம்னு கெஞ்சுனேன்."

பழையபடி நீ, வா என்று பேசுகிறார் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

இவரை அடிக்கலாமா என்று நினைத்தாள். அடித்தால் ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஆத்திரம் அவர் மேல் நிற்க மாட்டேன் என்றது. இவர் மேலதிகாரி, அன்னியர், இலக்குக்காக எதையும் செய்கிற ஆள்; அவரிடம் வேறு எதை எதிர்பார்த்தாள்? பை ஆணியில் தொங்கிய அதே கூடத்தில்தான் அவன் அவளுக்குக் கஞ்சி கலக்கிக் கொடுத்தான். அதே கூடத்தில்தான் அப்பா, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே செத்தார். பாடையை எடுக்கும்போது அவன் அக்காவைக் கட்டிக்கொண்டு கதறினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்கு முன்பே, அப்பா உயிரோடு இருந்தபோது, அவர் காதில் மட்டுமாவது, யாருக்கும் தெரியாமல் சொல்லியிருக்கலாம். பெர்மனென்ட் வேலைக்காக அவரை அப்படியே சாக விட்டான்.

லாப்டாப்பைச் செங்கமலத்தின் மேஜை மேல் வைத்துப் பட்டனை அழுத்தினாள். கொடுத்த வாக்குக்காக அல்ல. சங்கரநாராயணனோடு இன்னொரு நிமிஷம் செலவழிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. உள்ளே ஒவ்வொன்றாக மெஷின்கள் உயிர் பெற்றன. தரை லேசாக அதிர்ந்தது. சங்கரநாராயணன் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அவள் நின்று கேட்கவில்லை.

காரில் ஏறியதும் டிரைவரிடம் சேரப்பணஞ்சேரிக்குப் போகச் சொன்னாள். ஒரகடம் மேம்பாலம் தாண்டுவதற்குள் போன் அடித்தது. ஹேமந்த்தான். ஒவ்வொரு விஜயதசமிக்கும் அவன் அக்காவைக் கூப்பிடாமல் சாப்பிட மாட்டான். வடை பாயசம் எல்லாம் ஆறுகிறது, பிள்ளைகள் அத்தை அத்தை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்டான். குரலில் அப்படி ஒரு பாசம். பாசம் பொய் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது, அதனால் வெறுப்பு இன்னும் கூடியது.

"பக்கத்துல வந்துட்டேன்," என்றாள். "நான் உள்ள வர மாட்டேன் ஹேமந்த். நீ வெளிய வந்து தெருவுல நில்லு. தெருவுல கீறவங்க எல்லாரையும் வரச் சொல்லு. உன் புள்ளைங்களையும் கூட்டிக்கினு வா."